புகைக்கு அந்தப் பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் கடல்தான். இவர் இவர் வீட்டில், அவன் அவன் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பாய்மரக் காலத்துக் கப்பற்போர் விளையாட்டு அது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பாய் விரிக்க வேண்டும். கப்பலுக்குக் கப்பல் கொடி ஏற்றித்தான் சேதி சொல்ல வேண்டும். சண்டை முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்பது இவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

மச்சினன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் அவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதில் வைத்த காலை எடுக்கவே மாட்டான் என்பதால் அவன் பெயரே பிரேக் என்றாகிவிட்டது. சொந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. மெக்கானிக் எதிரி வரிசையின் நடுவில் புகுந்து இரண்டாகப் பிளக்க வேண்டும். முன்பாதி திரும்பி வந்து அவரைச் சூழ்ந்துவிடாமல் பிரேக் மறித்து நிற்க வேண்டும். வாரம் முழுக்கப் பேசிப் பேசிப் போட்ட திட்டம். மெக்கானிக் புகுந்தார், பிளந்தார். திரும்பிப் பார்த்தால் பிரேக்கின் பாய்கள் தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அடி வாங்கி, அவருடைய கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின.

போனை எடுத்தார். "எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"மாமா, நீங்க மூழ்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? ஆபத்துன்னா முதல்ல கெளம்புற ஆளு நீதானேடா. எப்பவுமே அப்படித்தான்."

பிரேக் போனை வைத்துவிட்டான்.

"பொம்மைக் கப்பலுக்கா இவ்ளோ கோவம்?" என்றாள் மனைவி. பொம்மைக் கப்பலுக்கு இல்லை என்பது இருவருக்குமே தெரியும். போன வருடம் லிஃப்ட் குழிக்குள் விழுந்து கால் முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வந்தார்கள், பிரேக் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு பழப் பையோடு வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போனான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது உள்ளேயே கிடந்து புளித்துப்போயிருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மதியம் நகரவே மாட்டேன் என்றது. ஒருநாள் மெக்கானிக் அந்தச் சண்டையின் ரீப்ளேயைப் போட்டார். எந்தக் கப்பலிலிருந்து வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். முதலில் தன் கப்பலிலிருந்து பார்த்தார். கோபம் புதிதாக ஏறியது. பிறகு என்ன தோன்றியதோ, பிரேக்கின் கப்பலுக்கு மாற்றினார்.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பீரங்கிப் புகை. அதற்குள்ளே தன் கப்பலின் நடுப் பாய்மரம் முறிந்து சாய்வது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 'நெருங்கி வா' என்று அவர் ஏற்றியிருந்த கொடி அந்த மரத்தில்தான் கட்டியிருந்தது. அதுவும் சேர்ந்து விழுந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். பிரேக்கின் கப்பல் புகையை நோக்கி ஒரு தடவை வந்தது, தயங்கியது, வட்டமடித்தது, திரும்பியது. போகிற வழியில், மூழ்கிவிட்டதென்று அவர் நினைத்திருந்த உடைந்த கப்பல் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது.

'ஐயோ பாவம், அவன் என்ன பண்ணுவான்' என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டார். மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்கே போனார். பல் டாக்டரம்மா ஒருவர் கார் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார், பக்கத்து சீட்டில் பிரேக். மெக்கானிக் கையைக் காட்டி நிறுத்திப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"ரீப்ளே பாத்தேன்டா, உன் பக்கத்துலருந்து. புகையில ஒண்ணுமே தெரியல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

பிரேக் திரும்பவில்லை. "இல்ல மாமா. தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"புகை நடுவுல ஒரே ஒரு நொடி விலகிச்சு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. நீங்க இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருந்தீங்க. அதைப் பாத்துட்டுதான் திருப்புனேன்."

கார் குலுங்கி நின்றது. "நான் ஒண்ணும் பண்ணலையே!" என்றார் டாக்டரம்மா.

"ஆஸ்பத்திரிக்கும் வந்தேன் மாமா. தினமும். வாசல் வரைக்கும். உங்களை அந்தக் கோலத்துல பாக்க முடியாதுன்னு... கால் உள்ள போகல. அக்காகிட்ட வேலைன்னு சொல்லிட்டேன்."

தப்பே செய்யாதவனை மன்னிக்கத்தான் அவர் கிளம்பி வந்திருந்தார். அது சுலபம். இப்போது உட்கார்ந்திருப்பவன் வேறு ஆள். திட்டலாமா என்று வாயைத் திறந்தவருக்கு, கால் தேறி வேலைக்குப் போன முதல் நாள் ஞாபகம் வந்தது.

"நானும் வேலைக்குத் திரும்பின அன்னிக்குக் குழிக்குள்ள இறங்கலடா," என்றார். "ஸ்பேனரைக் காணோம்னு சொல்லிட்டு வெளியிலயே நின்னேன். ஸ்பேனர் பாக்கெட்லதான் இருந்தது. கூட வந்தவன் இறங்கிப் பாத்தான்."

பிரேக் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர், பயப்படாதீங்க," என்றான்.

"நீங்க முதல்ல பிரேக்லருந்து காலை எடுங்க," என்றார் அவர்.

மெக்கானிக்தான் முதலில் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடல். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் பின்னால் வா என்று மெக்கானிக் பிரேக்கிடம் சொன்னார், அவனை ஒதுக்கி வைக்க அல்ல. "உடைஞ்ச கப்பலை இழுத்துட்டுப் போனியே, அது எனக்குத் தோணியே இருக்காது."

"அது இன்னொரு நாள் பாத்துக்கலாம் மாமா. இன்னிக்கு முன்னாடி போடுங்க."

போட்டார். காற்று எதிரிக்குச் சாதகமாக இருந்தது. சீக்கிரமே எல்லாம் புகையாகிவிட, பிரேக் எங்கே இருக்கிறான் என்பதே தெரியவில்லை. மெக்கானிக் அவனைத் தேடுவதை விட்டுவிட்டுத் தன் சண்டையைப் பார்த்தார். அவருடைய கடைசிக் கப்பலும் சாய்ந்த சற்று நேரத்தில் போன் அடித்தது.

"மாமா, மூழ்கிட்டேன்!" குரலைக் கேட்டால் ஜெயித்தவன் மாதிரி இருந்தது. "நடுவுல ஒரு தடவை திருப்பப் போனேன். அப்புறம் நேரா விட்டுட்டேன்."

"சரிடா, சரி," என்றார் மெக்கானிக்.

"யாரு ஜெயிச்சது?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"தோத்துட்டோம். ரெண்டு பேருமே."

"அப்போ அவனையும் சாப்பிட வரச் சொல்லுங்க. தனியா உக்காந்து என்ன பண்ணப் போறான்?"

மெக்கானிக் சொல்வதற்குள், அக்காவின் குரல் போனிலேயே கேட்டுவிட்டது போல; அந்தப் பக்கம் பிரேக் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.