வழிவிட்ட கை

1.

இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. கோல்ஃப் மன்றத்தின் ஆண்டு மலருக்கு, ‘கோல்ஃபின் பெயரையும் வளர்ச்சியையும் அதிகம் கெடுப்பது எது?’ என்ற பொருளில் ஏதாவது எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் கேட்டார். பத்திரிகைகளுக்கு நான் எழுதும் ஆசிரியர் கடிதங்களைப் படிக்கிறவராம்.

“உங்க கடிதம் மாதிரி காட்டமா வேண்டாம் சார். கதை மாதிரி, லேசா, படிச்சிட்டுச் சிரிக்கிற மாதிரி.”

சரி, சிரிப்போம்.

2. (முதல் தொடக்கம். கைவிட்டது.)

கோல்ஃபைக் கெடுப்பது தண்ணீர். வீட்டுக் குழாயில் சொட்டு வராத நாளிலும் புல்லுக்குப் பாய்ச்சும் ஆட்டத்தை யார்தான்...

பொய்யில்லை. ஆனால் தண்ணீர்மேல் பழியைப் போட்டால் எந்த உறுப்பினருக்கும் வலிக்காது.

(இரண்டாம் தொடக்கம். இதுவும்தான்.)

காலணிக்கு ஒரு விதி, சட்டைக் காலருக்கு ஒரு விதி...

இதை அவர்களே விருந்தில் கேலி பேசிக்கொள்கிறார்கள். தாங்களே கேலி செய்கிற குறை யாரையும் உறுத்தாது.

3.

ஆகவே நடந்ததற்கே வருகிறேன். என் தங்கை பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவளிடம் கோல்ஃப் பழகும் பெண் பிள்ளைகள் பள்ளிச் சுவரோரம் வலை கட்டி, அதற்குள் பந்தை அடிக்கிறார்கள். தான் அடித்த பந்து பறப்பதை அவர்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. ஆடுகளம் காலியாகக் கிடக்கும் காலை வேளையில் அவர்களை உள்ளே விடும்படி மன்றத்தைக் கேட்டாள்.

“முதல்ல நீங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. ஒழுங்கு தெரியுமான்னு பார்க்கணும்” என்றார் மன்றத் தலைவர்.

செயலாளர் அவளோடு ஆட வந்தார். தலைவரும் அவருடைய மைத்துனரும் முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள்.

[குறிப்பு: முன்னால் ஆடுகிறவர்கள் தாமதித்தால், ஒதுங்கி நின்று கையை உயர்த்திப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். கை உயராமல் அடிப்பது பெருங்குற்றம். நல்ல வழக்கம். குறை சொல்ல மாட்டேன்.]

தலைவர் தாமதித்தார். பந்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார், மறுபடி பந்தைப் பார்ப்பார். பந்துக்கே கூச்சமாக இருந்திருக்கும். கடைசியில் பின்னால் திரும்பிக் கையை உயர்த்தினார்.

“கை காட்டிட்டார். அடிங்கம்மா” என்றார் செயலாளர்.

அடித்தாள்.

4.

பந்து தலைவரின் மட்டைப் பையை ஒட்டி விழுந்து, தாண்டி ஓடியது. அவர் கையைத்தான் உயர்த்தினார், ஒதுங்கவில்லை. ஒரு பெண் அடிக்கும் பந்து அவ்வளவு தூரம் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வழிவிட்ட பெருமையும் வேண்டும், நின்ற இடத்தை விட்டு நகரவும் கூடாது.

“மச்சான், உங்க பந்தையே தாண்டிடுச்சே!” என்று மைத்துனர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு காரியம் கெட்டது.

தலைவர் திரும்பி நடந்து வந்தார். “யார் அடிக்கச் சொன்னது?”

“நீங்கதானே சார் கை காட்டினீங்க?” என்றாள் தங்கை.

“நானா? வெயில் கூசுச்சு, கையை வச்சேன். ஒழுங்கே தெரியாதவங்களை நம்பி அத்தனை பிள்ளைங்களை எப்படி உள்ள விடறது?”

தங்கை செயலாளரைப் பார்த்தாள். அவர் குனிந்து புல்லுக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பந்து அவர் கையில் இருந்தது.

5.

தலைவரை எழுதுவது சுலபம். கர்வி, முடிந்தது. செயலாளர்தான் எனக்கு அடங்காத பாத்திரம். நல்லவர். பிள்ளைகளுக்காக மன்றத்தில் முதலில் பேசியவரே அவர்தான். அவருக்கு ஒரு நியாயம் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன்: பாவம், அவருக்கும் பதவி என்று ஒன்று...

வேண்டாம். குனிந்துகொள்கிற ஒவ்வொருவருக்கும் நான் ஏன் நியாயம் தேடித் தர வேண்டும்? ஒரு கர்வியால் ஓர் ஆட்டம் நாறிப்போகாது. பக்கத்தில் நின்று பார்த்த நல்லவர் வாயை மூடிக்கொள்வதால் நாறுகிறது. மலருக்காகக் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

இதுவரை எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“நல்லா வந்திருக்கு சார். அந்தக் கையை மட்டும் வெயிலுக்கு வச்சதா மாத்திடுங்களேன். கதைதானே?”

“கை உயர்ந்ததா இல்லையா?”

“பெரியவங்க விஷயம். நான் என்னத்தைச் சொல்ல?”

“பிள்ளைங்க விஷயம் சார்.”

வைத்துவிட்டார்.

தங்கையிடம் சொன்னேன். “கோபத்துல எழுதாதீங்கண்ணா. அப்புறம் கேட்டையே திறக்க மாட்டாங்க” என்றாள்.

“இப்ப மட்டும் திறந்தா கிடக்கு?”

அவள் மடியில் கிடந்த வலையின் கிழிசலில் ஊசியை இறக்கினாள்.

6.

முடிவு அ: தலைவர் மனம் திருந்தி...

அவர் திருந்துவதற்கு என் மையைச் செலவழிக்க மாட்டேன்.

முடிவு ஆ: தங்கை மன்னிப்புக் கேட்கிறாள், பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். அப்படி ஒரு முடிவை எழுத உட்கார்ந்தேன். செய்யாத தப்புக்கு என் தங்கை தலை குனிவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு இ: பிள்ளைகளை உள்ளே விடுவதா என்று முடிவு செய்ய மன்ற நிர்வாகக் குழு இனிமேல்தான் கூடப்போகிறது. மலர் அதற்கு முன்பே அச்சாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் செயலாளர். கடைசி வாக்கியத்தை அவரே முடிக்கட்டும். உறுப்பினர்களே, அது முடியாமலே உங்கள் கைக்கு வந்தால், கூட்டத்தில் அவரை எழுப்பிக் கேளுங்கள். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

பிள்ளைகளின் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டது. “அன்னைக்கு நான் கை காட்டினதை இங்க யாராவது பார்த்தீங்களா?” என்று தலைவர் சிரித்தபடி கேட்டார். செயலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று,