வெளியில் சொல்லக் கூடாத வேலை

என் வீட்டுக்காரர் சில்வஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஏனென்றால் எனக்கே தெரியாது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் டைப்பிங் வேலை என்பது வரைக்கும் தெரியும். எதை டைப் அடித்தீர்கள், யாருக்கு அடித்தீர்கள் என்று கேட்டால், சோற்றுத் தட்டை விட்டுத் தலை நிமிராமல், "அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது தபித்தா" என்பார். கட்டிய பெண்டாட்டி வெளியாளாம்!

இத்தனைக்கும் மனிதர் பர்மனென்ட் கூட இல்லை, கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் யாருக்கு புரமோஷன், எந்த ஆபீசருக்கு எதனால் கோபம் என்று வடையோடு சேர்த்து எல்லாவற்றையும் மெல்வார்கள். இவர் டீயை மட்டும் குடித்துவிட்டு வருவார். சேர்ந்த அன்றைக்கு ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாராம். அதற்காக வாய்க்குப் பூட்டு. என் அம்மா கடைசிப் படுக்கையில் இருந்தபோது, "மாப்ள, நீங்க அங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டாள். அவளிடமும், "சொல்லக் கூடாதுங்க அத்தை" என்றுதான் சொன்னார். அவளும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

போன பிப்ரவரியில் கான்ட்ராக்ட் கைமாறியது. புதிய கான்ட்ராக்டர் புதிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தொரு வயதில் சில்வஸ்டர் டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்து நின்றார்.

திருப்பூரிலிருந்து என் தம்பி ஜெர்சன் உடனே போன் போட்டான். அவன் அங்கே சாயப்பட்டறை வைத்திருக்கிறான்.

"அக்கா, கவலைப்படாதே. மச்சானை சூப்பர்வைசரா போட்டுக்கறேன். ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல அந்த எடத்தைக் காலியா வெச்சிருக்க முடியாது" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல தம்பி. "ஆமா, மச்சான் இத்தன நாளா உள்ள ராக்கெட்டா விட்டுட்டு இருந்தாரு?" என்று கேட்டு ஒரு சிரிப்பு வேறு.

நான் இந்தக் குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஜெர்சனின் கல்யாணத்துக்கு மே மாதம் திருப்பூர் போய், மண்டபத்திலேயே மயங்கி விழுந்தேன்; மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லோரும் எனக்கு விசிறினார்கள். அந்த வெயிலில் நான் பிழைக்கமாட்டேன். சர்ச் பாட்டுக் குழு, மார்க்கெட், மேகம் வந்து அடுப்படி வரைக்கும் நுழையும் இந்த வாடகை வீடு, எல்லாம் போய்விடும். அதைவிட, தம்பியிடம் இவர் கைகட்டி நிற்பதையும், தினமும் அந்த ராக்கெட் பேச்சையும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இங்கேயே இருக்க வேண்டுமென்றால் ஜூனுக்குள் இவருக்கு ஒரு வேலை வேண்டும். குன்னூரில் ஐம்பத்தொரு வயது டைப்பிஸ்ட்டுக்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள்?

"இன்டர்நெட்ல தேடலாம்மா. வீட்டுல இருந்தே பார்க்கற வேலை எவ்வளவோ இருக்கு" என்றாள் என் மகள் ஆஷ்லி. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தன் பழைய லேப்டாப்பை பஸ்ஸில் போட்டு அனுப்பினாள். வேலை தேடும் தளம் ஒன்றில் அப்பாவின் விவரங்களை எப்படி நிரப்புவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிரப்பினார்.

மறுநாள் அவள் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது.

"அப்பா! அனுபவம் இருபத்திரண்டு வருஷம்னு போட்டிருக்கீங்க. எங்கன்னு இல்ல, என்ன வேலைன்னு இல்ல. படிக்கறவங்க ஜெயில்ல இருந்துட்டு வந்த ஆளுன்னு நெனப்பாங்க!"

"கேக்கறவங்களுக்கு நேர்ல சொல்லிக்கலாம் பாப்பா."

"நேர்ல என்ன சொல்லுவீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லுவேன்."

ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேட்டா என்ட்ரி வேலை தருகிறேன் என்று எவனோ ஒருவன் போன் செய்து ஆதார் நம்பரைக் கேட்டான். எங்கள் பாட்டுக் குழுவில் ஒரு அம்மா அப்படிச் சொல்லித்தான் பணத்தைத் தொலைத்தாள். இவர் தன் பெயரைக்கூட அவனிடம் சொல்லவில்லை. கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு அவனே, "ஆளை விடுங்க சார்" என்று வைத்துவிட்டான்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பதிலே இல்லை. மே நடுவில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி டைப்பிங் டெஸ்ட் அனுப்பியது. டாக்டர்கள், வக்கீல்கள் பேசிப் பதிவு செய்வதைக் கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறதாம். ஆனால் நம் ஜனங்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் அதற்குத் தலை சுற்றிவிடுகிறதாம். பதிவைக் கேட்டு, அது உளறியதைத் திருத்திக் கொடுக்க ஆள் தேவை. இவர் டெஸ்ட்டை முடித்து அனுப்பினார். இருபத்தெட்டாம் தேதி பதினொரு மணிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ என்று மெயில் வந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இவர் மட்டும் அமைதியாக சாமான் ரூமை ஒழித்து, மேஜை போட்டு, பத்தே முக்காலுக்கு ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தன் செல்போனை என்னிடம் நீட்டினார்.

"எதுக்குங்க?"

"வேலை செய்யற எடத்துக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது."

"இது நம்ம ஊடுங்க!"

"ஊடுதான். பழகிப்போச்சு. பக்கத்துல போன் இருந்தா எனக்குக் கை ஓடாது தபித்தா."

வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அவர் நகரவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தொழிற்சாலை கேட்டில் போனைக் கொடுத்தால் டோக்கன் கொடுப்பார்களாம்! கொடியில் இருந்த துணி கிளிப் ஒன்றைப் பிடுங்கி அந்தக் கையில் வைத்தேன். அதை பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கதவில் காதை வைத்தேன். வைக்காமல் இருக்க நான் என்ன சில்வஸ்டரா?

ரேகா என்று ஒரு பெண் பேசினாள். நல்ல கனிவான குரல்.

"சார், டெஸ்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு தப்புகூட இல்ல. கடைசியா பார்த்த வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

"அது சொல்லக் கூடாதுங்க மேடம்."

"பரவால்ல சார், பொதுவா சொல்லுங்க. என்ன மாதிரி டாக்குமென்ட் டைப் பண்ணுவீங்க?"

"பேப்பர்ல பண்றதுதானுங்க."

"சரி... ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?"

இவர் யோசித்தார். யோசிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. "கூடும், கொறையுமுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ரெஃபரன்ஸுக்காக, உங்களைப் பத்தி விசாரிக்க அங்க யாராவது ஒருத்தர் பேர் சொல்லுங்க சார்" என்றாள் அவள், கொஞ்சம் களைத்த குரலில். "அங்க யாரு இருக்காங்கங்கறதும் சொல்லக் கூடாதுங்க" என்றார் இவர். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாளோ தெரியாது. வெளியே கேபிள் வயரில் குரங்கு ஒன்று தொங்கி ஆடியது. இன்டர்நெட் போய்விட்டது. உள்ளே இவர், "ஹலோ மேடம், ஹலோ" என்று சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஃப்ரிட்ஜ் மேல் இருந்த போன் அடித்தது. எடுத்தேன். ரேகாதான்.

"நான் அவங்க வீட்டுக்காரிங்க. நெட்டு போயிருச்சுங்க" என்றேன்.

"பரவால்ல மேடம். சாரை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எழுதறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரு இல்ல? அங்க என்ன வேலை பார்த்தாரு?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன். பெரிய ஆபீசரின் ஸ்டெனோ என்று சொல்லிவிடலாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். வாயைத் திறந்தால் பொய் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எங்கிட்டயா? நல்லா கேட்டீங்க போங்க! இருபத்திரண்டு வருஷமா கேக்கறேனுங்க. சண்டை போட்டுக் கேட்டேன். அழுது கேட்டேன். சோறு போடமாட்டேன்னு சொல்லிப் பார்த்தேன், அவரே உப்புமா கிண்டித் தின்னுட்டாரு. எங்கம்மா சாகப் போறப்ப கேட்டாங்க, அவங்களுக்கே சொல்லலை. வேலையை விட்டு அனுப்பின பொறவும் சொல்லலை. அந்த மனுசன் வாயில இருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை வருமுன்னு நெனக்கறீங்களா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க மேடம், தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள்.

ஐயோ என்று இருந்தது. அவர் கெடுத்தது பாதி, நான் கெடுத்தது மீதி. வெளியே வந்து அவர் கிளிப்பை நீட்டியபோது போனைக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடம் எதையும் சொல்லவும் இல்லை. அன்று மத்தியானமே பீரோவைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்துக் கட்டிலில் போட்டேன். திருப்பூரில் எதற்கு ஸ்வெட்டர்? நீல ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டு மஞ்சுவிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து அழுதேன். அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னால உனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வானம் இடிஞ்சா விழுந்திருக்கும்?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே தபித்தா" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. நான் அடுத்த ஸ்வெட்டரை எடுத்து மடித்தேன்.

இரண்டு நாள் கழித்து இவர் லேப்டாப்பில் வேறு வேலை தேட உள்ளே போயிருந்தபோது ஃப்ரிட்ஜ் மேல் போன் அடித்தது.

"மேடம், சார்கிட்ட சொல்லுங்க. ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணலாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்குங்க அவரை எடுத்தீங்க? அவருதான் ஒண்ணுமே சொல்லலையே!"

ரேகா சிரித்தாள். "அதுக்குத்தான் மேடம். எங்களுக்கு வர்றது பூரா அடுத்தவங்க வீட்டு விஷயம். யாருக்கு என்ன நோய், யார் வீட்டுல என்ன வழக்குன்னு. இன்டர்வியூவுக்கு வந்த மத்தவங்க எல்லாம் பத்து நிமிஷத்துல பழைய ஆபீஸ் கதையைக் கொட்டிட்டாங்க. இவரு பொண்டாட்டிக்கே சொல்லலைன்னு நீங்க திட்டினீங்க பாருங்க, அதைத்தான் ரெஃபரன்ஸா எழுதிக்கிட்டேன்."

என் வாழ்க்கையில் நான் போட்ட சண்டைக்கு முதல் முறையாக ஒரு பலன்! கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மஞ்சு வீட்டுக்குப் போய் நீல ஸ்வெட்டரைத் திரும்பக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஜூன் மாதக் குளிரில் வெட்கத்தையா போர்த்திக்கொள்வது?

இப்போது தினமும் ஒன்பது மணிக்கு போன் என்னிடம், கிளிப் அவரிடம். மாதம் பிறந்தால் சம்பளம் பேங்க்கில் விழுகிறது. உள்ளே என்ன கேட்கிறார், என்ன எழுதுகிறார் என்று நான் கேட்பதில்லை. அது அடுத்தவர் வீட்டு விஷயம். ஆனால் முதல் சம்பளம் வந்த அன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏனுங்க, புது வேலை வேண்டாம், பழசை மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு ரெஃபரன்ஸ் கொடுத்ததே நான்தான். கொடுத்தவளுக்கே ஒண்ணும் தெரியாதுன்னா அது எந்த ஊரு நியாயம்?"

 அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு கையை நீட்டினார்.

"உன் போனு."

கொடுத்தேன். கொண்டு போய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். ஒரு துணி கிளிப்பை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அப்புறம் என் காதில் சொன்னார்.

நான் சிரித்த சிரிப்பில் மஞ்சு ஓடிவந்து கதவைத் தட்டினாள். அவ்வளவு சின்ன விஷயம்! அதில் வெடியும் இல்லை, மருந்தும் இல்லை. டீக்கடையில் சொல்லியிருந்தால் டீ ஊற்றுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். சிரித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மலையை இறக்கி வைத்தவர்போல அப்படியே உட்கார்ந்திருந்தார். யாருக்கும் வேண்டாத ஒன்றை, பர்மனென்ட் கூட ஆக்காத ஒரு இடத்துக்காக, இந்த மனிதர் இருபத்திரண்டு வருஷம் காத்து வந்திருக்கிறார். 

ஃப்ரிட்ஜ் மேல் என் போன் அடித்தது. ஜெர்சன். எழுந்து போய் எடுத்தேன்.

"என்னக்கா, மச்சானுக்கு சம்பளமெல்லாம் வந்துருச்சாமே! சரி, இப்பவாவது சொல்லு. அந்த ஃபேக்டரில மனுசன் அப்படி என்னதான் பண்ணிட்டு இருந்தாரு?"

கிளிப் இன்னும் என் கைக்குள்ளேயே இருந்தது.

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுடா" என்றேன்.