ஆறியபின் இறுகிய பெடல்

ஓசி வேலைக்கு மிச்ச ஆயில் போதும் என்று நினைத்த மெக்கானிக்கை என்ன சொல்லித் திட்டுவது? வாடிக்கையாளர் வண்டி என்றால் சீல் உடைக்காத பிரேக் ஆயில்தான் ஊற்றுவான். மைத்துனன் வேனுக்கு மட்டும், பட்டறை மூலையில் ஆறு மாதமாக மூடி சரியாகப் போடாமல் கிடந்த டின்னை எடுத்துக் கவிழ்த்துவிட்டான். காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துக் கெட்டுப்போன ஆயில். சூடேறினால் உள்ளே ஆவி கிளம்பும், பிரேக் பிடிக்காது. தெரியாமல் செய்தானா? நன்றாகத் தெரிந்துதான் செய்தான்.

இப்போது அதே வேனின் கடைசி சீட்டில், பெட்டிகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலையிறக்கம். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று மைத்துனன் வண்டியை நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். முன்சீட்டில் மாமியார், நடுசீட்டில் மனைவி. கருகல் வாடை வரத் தொடங்கியது.

"மச்சான், செகண்ட் கியர்ல போடு. பிரேக் சூடாகுது."

"பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன் அத்தான்."

"அதுக்கில்ல, சூடு ஏறிடுச்சுன்னா..."

"பிரேக் பாத்தது யாரு? நீங்கதானே? அப்புறம் என்ன பயம்?"

வேனே சிரித்தது. மாமியார் திரும்பிப் பார்த்து, "நல்ல கூத்து! ஊரே நம்புது, மாப்பிள்ளைக்கு அவரு வேலை மேலயே நம்பிக்கையில்ல!" என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டான். நிறுத்தச் சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் மானம் போகும். சொல்லித் தொலையேன் பாவி! வாய் வரவில்லை. அடுத்த வளைவு தாண்டட்டும் என்று நினைத்தான். அதையும் தாண்டினார்கள்.

அதற்கடுத்த வளைவில் மைத்துனனின் கால் அடிவரை போனது.

"ஐயோ! பிரேக் புடிக்கல அத்தான்!"

"விட்டு விட்டு மிதி! தேர்டு போடு, செகண்ட் போடு! ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு!"

இன்ஜின் அலறியது. வேன் பாறையோடு உரசி, ஒரு பக்கக் கண்ணாடியைப் பறிகொடுத்து, மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. மகள் மட்டும் வீறிட்டு அழுதாள்.

எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் சக்கரச் சூடு தணிந்தது. மைத்துனன் ஏறி, ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்துப் பார்த்தான்.

"அத்தான், நல்லா இறுகி நிக்குது! சூடுதான் காரணம். நியூட்ரல்ல விட்டது என் தப்புதான். ஏறுங்க எல்லாரும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பழியை இன்னொருவன் தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான்! மாமியார் ஏறிவிட்டார். மனைவி மகளோடு ஏறி, "வாங்க, இங்கயே உக்காருங்க" என்று இடம் விட்டாள். இன்னும் பாதி மலை பாக்கி. ஆறினால் ஆவி அடங்கி பெடல் இறுகும், அடுத்த சூட்டில் மறுபடி காலை வாரிவிடும். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கியரிலேயே இறங்கச் சொல்லிக்கொள்ளலாம், வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்று மனசு பேரம் பேசியது. சீ, என்ன மனசு!

டிரைவர் பக்க ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவினான்.

"எறங்குங்க. இந்த வண்டி இனி நகரக்கூடாது. தப்பு மச்சான் மேல இல்ல. நான்தான் கெட்டுப்போன ஆயில ஊத்தினேன். வீட்டு வண்டிதானேன்னு ஊத்திட்டேன்."

மைத்துனன் அடிப்பான் என்று காத்திருந்தான். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். மனைவிதான் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மலை மேலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா எங்கம்மா ரெண்டு வார்த்தை கேலி பண்ணியிருப்பாங்க. அவ்வளவுதானே?"

அவன் மகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.