சாவடி தாண்டிய கோடி

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஆதிலட்சுமி, புடவைக்கு உள்ளே இடுப்பில் சுற்றியிருந்த புது வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சாவு மேளம் அடித்தது. அப்பா உலகநாதனைக் குளிப்பாட்ட ஆண்கள் தண்ணீர் சேந்தினார்கள்.

"இன்னாடி இது?" அண்ணி கனகாம்பாள் வந்து நின்றாள்.

"கோடி அண்ணி. அப்பாவுக்குப் போத்த."

வேட்டி வியர்வையில் ஊறிக் கசங்கியிருந்தது. அண்ணி அதைத் தொடவில்லை. "ஒடம்புல கட்டினத மாமாவுக்குப் போத்துவாங்களா? கையில எடுத்தாந்தா இன்னா?"

"சாவடி இருக்குதே."

"சாவடியில தங்கவேலு ஆடு கட்டியிருக்கான். ஆடா உன்ன சோதன போடப்போவுது?"

ஆதிலட்சுமி கடைசிச் சுற்றையும் அவிழ்த்தாள்.

அவளை ஆற்றுக்கு அக்கரையில் கொடுத்தபோது அது இங்கிலீஷ்காரன் ஊர். அவள் பிறந்த இந்தச் சோரியாங்குப்பம் பிரெஞ்சுக்காரன் ஊர். அக்கரைக்குச் சுதந்திரம் வந்த பின்னும் இக்கரையில் பிரெஞ்சுக்காரனே இருந்தான். நடுவில் சுங்கச் சாவடி போட்டு, துணிமணி இக்கரைக்கு வராமல் தடுத்தார்கள். பெண்கள் உடம்பில் சுற்றித்தான் கடத்துவார்கள். அம்மா செத்த அன்று ஆதிலட்சுமி மட்டும் மறைக்கவில்லை. சாவுக்குக் கொண்டுபோவதை யார் பிடுங்கப்போகிறார்கள் என்று கோடிப் புடவையைக் கையிலேயே ஏந்திப் போனாள். பிடுங்கிக்கொண்டார்கள். மகள் வீட்டுக் கோடி இல்லாமலே அம்மா எரிந்தாள்.

அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய்ச் சாவடி பாழான பிறகும், அவள் வரும்போதெல்லாம் வாசலில் அதே கேள்விதான்.

"வழியில யாரும் கேட்டாங்களாம்மா?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.

 கனகாம்பாள் வேட்டியை வாங்கி மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். "நனைச்சிட்டா எல்லாம் கோடிதான். வா, ஒரு முனைய புடி."

இரண்டு பேருமாகப் போர்த்தினார்கள். மார்பின்மேல் இருந்த கசங்கலை ஆதிலட்சுமி நீவிவிட்டாள். அது போகவில்லை.

ஆற்றங்கரையில் எரியூட்டி ஆண்கள் திரும்பியதும் அவள் புறப்பட்டாள். கை கால் விழுந்து கிடக்கிற புருஷனுக்குச் சோறு ஊட்ட வேறு ஆளில்லை.

சாவடிக்கு எதிரே நடை தானாக நின்றது. முந்தானைக்குள் இருந்த கைகளை வெளியே எடுத்து, விரித்தபடி நின்றாள். கட்டியிருந்த ஆடுகளில் ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, மஞ்சள் ஒட்டிய உள்ளங்கையை முகர்ந்துவிட்டுத் தழைக்குத் திரும்பியது.