ஒரு படி உள்ளே

கத்தி இறங்கிய சத்தம் என்றைக்கும் போலத்தான் இருந்தது. மாடி அறையில் தேநீரோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களின் காதில் அந்தச் சத்தம் விழுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்கும். அதற்கடுத்து வந்த சத்தத்தில்தான் கோப்பை கைநழுவிப் போனது. அது அண்ணனின் குரல் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் அவன் அலறி அவள் கேட்டதே இல்லை. அவனிடம் மாட்டியவர்கள் அலறித்தான் கேட்டிருக்கிறாள். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். வெட்டு இயந்திரத்தின் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தும் இரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. வெட்டி அடுக்கிய அட்டைகளின் மேல் நான்கு விரல்கள் வரிசை கலையாமல் கிடந்தன. அவ்வளவு கூர் அந்தக் கத்திக்கு.

விரல்களை ஐஸ் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியும் பயனில்லை. ஐஸ் நேராகப் பட்டு உறைந்துபோன விரல்களை ஒட்ட முடியாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

அந்தக் கைக்கு ஒரு சரித்திரமே உண்டு. பேருந்து நிறுத்தத்தில் தங்கச்சியின் பின்னாலேயே வந்து அசிங்கமாகப் பேசியவனின் முன்பல் இரண்டைக் கழற்றிய கை. அவளுடைய புருஷன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளைக் கைநீட்டி அடித்ததற்கு அவன் தோள்பட்டையை இறக்கிவிட்ட கை. கோபம் வந்தால் அண்ணனுக்குக் கண்மண் தெரியாது, அதில் அவளுக்குப் பயமும் உண்டு, சொல்லக்கூடாத ஒரு பெருமையும் உண்டு. இத்தனை வருஷமும் அந்தக் கை அவளுக்காகத்தான் ஓங்கியிருக்கிறது.

கத்திக்கு முன்னால் ஒரு கண்ணாடி மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் கத்தி நின்றுவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. நடுவில் சிக்கிய அட்டையை இழுக்க அண்ணன் மூடியைத் திறந்து கைவிட்டபோது கத்தி நிற்கவில்லை. ஏன் என்று ஆளாளுக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கடைசியில் பழியை வயசான எலெக்ட்ரீஷியன் தலையில் இறக்கினார்கள். அந்த மனிதருக்குப் பெயர் பல்பு. பல்பு மாட்ட வந்தவர் அப்படியே தங்கிவிட்டார் என்பதால் வந்த பெயர் என்று சிலரும், எதைத் தொட்டாலும் அவருக்குக் கிடைப்பது அதுதான் என்று சிலரும் சொல்வார்கள். விபத்து நடந்த அன்று காலையில் மூடியின் சுவிட்சை அவர் நோண்டிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். போதாததற்கு, முன்பொரு தடவை வேறொரு இயந்திரத்தில், வேலை நின்று நின்று ஓடுகிறது என்று இப்படிப்பட்ட சுவிட்சை ஒயர் போட்டுக் கட்டிவைத்துத் திட்டு வாங்கியவர். இது போதாதா? அன்று சாயங்காலமே வாசலில் வைத்து அண்ணனின் கூட்டாளிகள் அவரைப் புரட்டி எடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி கன்னத்துக்குள் உடைந்தது. துடைத்தேன், துடைத்தது மட்டும்தான் என்று அந்த மனிதர் இரத்தத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தாராம். யார் கேட்டது?

அவளும் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, அடி விழுந்ததைக் கேட்டபோது உள்ளே ஒரு திருப்திகூட ஏற்பட்டது.

அந்த இயந்திரத்துக்கு எப்போது வெட்ட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் நிரலை எழுதியவள் அவள்தான். அதை அவள் தொட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கட்டு அட்டையில் எத்தனை வெட்டியாயிற்று என்று திரையில் காட்ட வேண்டும் என்று முதலாளி கேட்டார். தன் கையால் தட்ட அலுத்துப்போய், நிரலைத் தானே திருத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் அவள் வேலையைக் கொடுத்தாள். அதற்கு அவள் வைத்திருக்கும் செல்லப்பெயர் எடுபிடி. சொன்னதைச் செய்யும், சொல்லாததையும் சேர்த்துச் செய்யும். முக்கியமாக இடைவெளிகளைக் கலைத்துவிடும். இங்கே நான்கு வெற்றிடம் வைக்கும், அங்கே எடுக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் திரை முழுக்க, எடுத்தது சிவப்பிலும் சேர்த்தது பச்சையிலுமாக வந்து உயிரை வாங்கியதால், இடைவெளி மாற்றங்களைக் காட்டாதே என்ற கட்டத்தில் என்றோ டிக் போட்டுவிட்டாள். அவள் தொழிலில் பாதிப்பேர் செய்வதுதான் இது. எடுபிடி கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்தது. மாற்றங்களைப் படித்துப் பார்த்தாள், புதிதாக வந்த வரிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஏற்றிவிட்டாள்.

அண்ணன் கட்டுப்போட்ட கையோடு தொழிற்சாலைக்குத் திரும்பிய காலையில்தான், ஏதோ ஒரு உறுத்தலில், அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஒரு வரி சிவப்பில் இருந்தது. அடுத்து அதே வரி, அதே சொற்கள், பச்சையில். கத்தியை நிறுத்தச் சொல்லும் வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஒரு படி உள்ளே தள்ளி நின்றது, அவ்வளவுதான். அவள் எழுதும் மொழியில் எந்த வரி எதற்குக் கட்டுப்பட்டது என்பதை, இடது ஓரத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் இயந்திரம் புரிந்துகொள்ளும். மூடி திறந்தால் நில் என்று இருந்தது, மூடி திறந்து அட்டைக் கட்டும் முடிந்திருந்தால் மட்டும் நில் என்று ஆகியிருந்தது. கட்டு முடிந்த பிறகே எல்லோரும் மூடியைத் திறப்பதால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. கீழே வேறு வரி எதுவும் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்கும் உறுமல் கேட்டது.

படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். பல்புவை இரண்டு பேர் பின்னாலிருந்து அமுக்கியிருந்தார்கள். வாய் கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், சட்டைப் பொத்தான்கள் தெறித்துக் கிடந்தார். மூடி திறந்திருந்தது. அவருடைய வலது கை கத்திக்குக் கீழே அட்டைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் கத்தியை இறக்கும் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் நின்றான். அடித்த அடியில் தையல் பிரிந்து அவன் கட்டு முழுக்கச் சிவந்திருந்தது.

"நிறுத்து அண்ணா. அவர் இல்ல. நான்."

அவன் திரும்பவில்லை. போய் மேல உட்காரு, உனக்கு இளகுன மனசு என்றான். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். எடுபிடி, வரி, வெற்றிடம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது யாரையோ காப்பாற்றச் சொல்லும் கதை போல இருந்தது. பிடித்திருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"வெத்து இடமா? ஒண்ணுமே இல்லாததா என் விரல எடுத்துச்சு?"

"ஆமா அண்ணா."

இப்போது திரும்பினான். சின்ன வயதிலிருந்து அவள் பொய் சொன்னால் அவனுக்குத் தெரியும். அவள் முகத்தை அவன் பார்த்த நேரத்தில் அவன் முகத்திலிருந்து கோபம் வடிந்து, அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. சரிபண்ணு என்றான். இயந்திரத்தின் பக்கத்துத் திரையில் அந்த வரியைத் தேடி, வெற்றிடங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். வரி தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி ஏற்றினாள்.

"இப்ப நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப இந்தாளு கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல" என்று சொல்லி, இடது கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனான். பல்பு அழவில்லை. தம்பி, எனக்கு இந்தக் கை ஒண்ணுதான் சோறு என்று மட்டும் சொன்னார். அவர் அவளைப் பார்க்கவுமில்லை.

நிற்கும் என்று சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு எப்படித் தெரியும்? எடுபிடி இன்னும் எந்த வரியை எங்கே தள்ளி வைத்திருக்கிறதோ. பாதிதான் பார்த்திருந்தாள். பல்புவின் கையை அமுக்கியிருந்தவனின் மணிக்கட்டை நகத்தால் கிழித்தாள், அவன் கத்திக்கொண்டு பிடியை விட்டான். கிழவரின் கையை இழுத்து வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில், அவருடைய வியர்வை ஈரம் காயாத அட்டைமேல், தன் வலது கையை வைத்தாள்.

"இப்ப அழுத்து அண்ணா."

டேய், தங்கச்சிடா என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான்கையும், ஒவ்வொன்றாக. தொங்கிய வலது கையின் கட்டிலிருந்து இரத்தம் அவன் செருப்பின்மேல் சொட்டியது. மேலே கத்தி எண்ணெய்ப் பளபளப்போடு காத்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடவுமில்லை. பச்சைப் பொத்தான்மேல் இருந்த அவன் இடது கட்டைவிரலையே பார்த்தாள். அதன் நகம் அழுத்தத்தில் ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.