ஆத்திமுனையில் எத்தனை பேர்

வீடு வீடாக ஆட்களைக் கணக்கெடுக்கும் தொகைமதிப்பு வேலைக்கென்று நஸ்ரியாவுக்குக் கொடுத்திருந்த பகுதியில் கடைசி ஊர் ஆத்திமுனை. மார்கழி மழை விட்டிருந்த ஒரு காலை, தோப்பூரிலிருந்து வயல்களுக்கு நடுவே போகும் கிறவல் மண் வீதியில் ஸ்கூட்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தாள். ஊரின் முதல் வீட்டைக் கண்டதும் பாதை மாறிவிட்டோமோ என்று நினைத்தாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னர் சுவர்களில் இலக்கம் ஒட்ட வந்தபோது அந்த முற்றத்தில் இடுப்பளவு புல் நின்றது. இப்போது கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கொடியில் சிறு பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்தன. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். பூட்டிக் கிடந்த வீடுகளெல்லாம் திறந்து குசினிகளிலிருந்து புகை எழும்பியது.

மாதர் சங்கத் தலைவி கமலாதேவி படலையடியில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கோ பிள்ளை. இந்த முறை உங்களுக்கு வேலை கூட. எங்கட ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம்."

நஸ்ரியாவுக்கு விளங்கிவிட்டது. ஆத்திமுனையில் நிரந்தரமாக இருந்தது ஆறேழு குடும்பம்தான். பஸ் கேட்டாலும், வீதி கேட்டாலும், "அந்த ஊரில ஆர் இருக்கினம்?" என்ற ஒரே பதில்தான் கமலாதேவிக்குக் கிடைத்து வந்தது. அதனால்தான் தொகைமதிப்பில் ஊரின் கணக்கைக் கூட்டிக் காட்ட, வெளியூர்களில் இருந்த சொந்தங்களுக்கெல்லாம் போன் எடுத்து, கெஞ்சியும் ஏசியும் கூப்பிட்டிருக்கிறாள்.

முதல் வீடு கமலாதேவியின் தம்பி மகள் கஜந்தியுடையது. நஸ்ரியா கதிரையில் உட்கார்ந்து, கணக்கு எழுதும் டெப் கணினியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வழமையா எங்க இருக்கிறீங்க?"

"இஞ்சதான்," என்றாள் கமலாதேவி.

"அவங்க சொல்லட்டும், அக்கா."

கஜந்தி மாமியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருகோணமலையில, வாடகை வீட்டில. நேற்றுத்தான் வந்தனாங்கள். எனக்குப் பொய் சொல்ல வருகுதில்லை, மாமி."

நஸ்ரியா டெப்பை மூடினாள். "ஒரு ஆளை ரெண்டு ஊரில எழுத ஏலாது, அக்கா. இவங்களை அங்க எழுதுவாங்க."

கமலாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"காடு வெட்டி இந்த ஊரை ஆக்கினது எங்கட அப்பு ஆக்கள். நாப்பது குடும்பம் இருந்த இடம், பிள்ளை. சண்டைக்குப் பயந்து எண்பத்தஞ்சில ஓடினம், தொண்ணூறில ஓடினம், ரெண்டாயிரத்தாறில திரும்பவும் ஓடினம். ஒவ்வொருக்கா வரேக்கையும் ஆக்கள் குறைஞ்சுகொண்டுதான் வந்தினம். கணக்கிலயும் இல்லையெண்டால் இப்பிடி ஒரு ஊர் இருந்ததெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் நஸ்ரியா. "ரெண்டாயிரத்தாறில நாங்களும் தோப்பூரை விட்டுக் கந்தளாய்க்குப் போனனாங்க. பள்ளிக்கூட மண்டபத்தில, பாயில கிடந்தம். திரும்பி வந்து பார்த்தா எங்கட வீட்டுக்குள்ள மாடு நிண்டிச்சு. உம்மா அதைத் துரத்திட்டு, அந்த இடத்திலயே அடுப்பை மூட்டினா."

கமலாதேவி எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் இவங்களை எழுதினா என்ன நடக்கும், அக்கா? நாளைக்கு எல்லாரும் போயிடுவாங்க. கணக்கில இருப்பாங்க, உங்கட கிணத்தடியில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

திறந்திருந்த கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கமலாதேவியின் கணவர் கனகரத்தினம் சிரித்துவிட்டார். "அந்தப் பிள்ளை சொல்லுறது சரிதானே? வாங்கோ, சோறு ஆறுது. முரல் மீன் குழம்பு. சாப்பிட்டிட்டு, இருக்கிற ஆக்களை எழுதட்டும்."

கொஞ்சம் மறுத்துப் பார்த்துவிட்டு நஸ்ரியா கை கழுவினாள். கமலாதேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினாள். ஆனாலும் பெரிய மீன் துண்டை நஸ்ரியாவின் சோற்றுக் கோப்பையில்தான் வைத்தாள்.

சாப்பாடு முடிய, நஸ்ரியா இருக்கிற குடும்பங்களை மட்டும் எழுதிக்கொண்டு போனாள். மற்றவர்கள் பின்னேரமே மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கஜந்தியின் கணவன் நிருபன் மட்டும் ஏணி வைத்து வீட்டுக்கூரையில் ஏறியிருந்தான். அவன் வீடு கட்டும் மேசன்.

"என்ன பார்க்கிறீங்கள்?" என்று கஜந்தி கீழே நின்று கேட்டாள்.

"மரம் இறுகத்தான் கிடக்கு. ஓடு மட்டும் மாத்தினால் காணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு இப்ப வேலை முழுக்க மூதூர்ப் பக்கம்தானே. இஞ்ச இருந்து போறது சுகம்."

"பிள்ளையளின்ர படிப்பு?"

"தோப்பூரில பள்ளிக்கூடம் இல்லையோ?"

கஜந்தி வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய மகள்மார் இரண்டு பேரும் முழங்கால் வரைக்கும் சேற்றோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நகரத்து வீட்டில் சத்தம் போட்டால் கீழ் வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். "முதலாம் தவணை முடியட்டும், பார்ப்பம்," என்றாள்.

அவர்கள் தவணை முடிந்ததும் வந்தார்கள். கஜந்தி வந்ததைக் கேள்விப்பட்டு, கிளிவெட்டியில் இருந்த இன்னொரு குடும்பமும் வந்தது. நிருபன்தான் அவர்களுக்கும் கூரை வேய்ந்து கொடுத்தான். கமலாதேவி இருந்த இடத்தில் இராமல், ஒரு வீட்டுக்கு நெல்லும் மற்ற வீட்டுக்குக் கோழிக்குஞ்சுமாகக் கொண்டு திரிந்தாள்.

ஆனி மாதத்தில் பிரதேச செயலகத்தின் வீட்டுத்தோட்டத் திட்டத்துக்கான மிளகாய்க் கன்றுகளோடு நஸ்ரியா மறுபடியும் ஆத்திமுனைக்கு வந்தாள். கிறவல் வீதியில் ஒரு வான் வண்டி எதிரே வந்தது. தோப்பூர் றிஸ்கானின் பள்ளிக்கூட வான். ஒதுங்கி வழி விட்ட நஸ்ரியாவுக்கு உள்ளேயிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். முன்பு அவன் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டான்.

கமலாதேவி ஓடிவந்து கன்றுத் தட்டை வாங்கினாள். "இப்ப அந்தக் கணக்கை மாத்த ஏலாதோ, பிள்ளை?"

"அடுத்த தொகைமதிப்புக்குப் பத்து வருசம் பொறுக்கோணும், அக்கா."

"அப்ப கணக்கில கிடக்கிறதை விட எங்கட ஊரில ஆக்கள் கூட!" என்று சொல்லிக் கமலாதேவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, எந்த வீட்டுக்கு எத்தனை கன்று என்று இருவரும் கிணற்றடி நிழலில் இருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். கஜந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.