இனித்த கேரட்

தொழிற்சாலை கேன்டீனில் முன்னூறு பேருக்குச் சமைக்கிறவர் அவர். ஊருக்கே மாஸ்டர். காய்ச்சலில் படுத்து எழுந்ததில் நாக்கு செத்துப்போனது. பதினெட்டு நாளாக உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். உப்புப் பார்க்கத் தெரியாத சமையல்காரனை எவன் வைத்துக்கொள்வான் என்ற கவலை, அவரைவிட அவர் மனைவியைத்தான் அதிகம் அரித்தது.

சனிக்கிழமை காலை வீட்டின் பின்னால் தோட்டம் வெள்ளையாகக் கிடந்தது. முதல் உறைபனி. தக்காளிச் செடிகள் கறுத்துத் தொங்கின. கேரட்டாவது மிஞ்சட்டும் என்று நாலைப் பிடுங்கி, வெறுமனே வேகவைத்து அவர் முன் வைத்தாள்.

ஒரு வாய் மென்றவர் நிறுத்திவிட்டார்.

"சர்க்கரை போட்டியா?"

"இல்லீங்களே. உப்புகூடப் போடலை."

"பாகு மாதிரி இனிக்குதே."

அவள் தட்டையே பார்த்தாள். போன வாரம் இதே பாத்தியில் பிடுங்கியது சப்பென்று இருந்தது. செத்த நாக்கு பிழைக்கும்போது கோணலாகப் பிழைத்துவிட்டதோ? அவளுக்கும் மூன்று நாளாகச் சளி. தன் நாக்கை நம்பத் துணிவில்லை.

அவர் தட்டைத் தள்ளினார். "போச்சு. இனி பாத்திரம் கழுவத்தான் நான் லாயக்கு."

அவள் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஓடினாள்.

"ஒரு வாய் தின்னுட்டு உள்ளதைச் சொல்லுங்கக்கா. என் மனசுக்காகச் சொல்லாதீங்க."

அக்கா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு நிதானமாக மென்றாள். அதற்குள் இவளுக்கு உயிர் போய் வந்தது.

"நல்லா இனிக்குது. பனி விழுந்துச்சுல்ல? குளிர்ல உறைஞ்சுடாம இருக்க அதுவே உள்ள சர்க்கரை சேர்த்துக்கும். என் முட்டைக்கோஸைக்கூட இதுக்குத்தான் பறிக்காம விட்டு வச்சேன். உனக்குத் தெரியாதா?"

"தோட்டம் போட்டு இதுதான்க்கா முதல் குளிர்காலம்."

மாஸ்டர் நம்பவில்லை. "உன்னைத் தேத்தறதுக்குச் சொல்லியிருப்பாங்க."

அவள் மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் உப்பும் ஒன்றில் எலுமிச்சையும் கலந்து, அவர் கண்ணை மூடச் சொன்னாள். எலுமிச்சையைச் சட்டென்று கண்டுபிடித்தார். உப்பை வெறும் தண்ணீர் என்றார். இன்னொரு சிட்டிகை போட்ட பிறகுதான் முகம் சுளித்தார். பாதிக் கிணறு தாண்டிய கதை.

திங்கட்கிழமை போனார். மதியம் வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டு மணிக்கு போன் வந்தது.

"சூப்புல உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. தண்ணிதான் நிறைய குடிச்சாங்க. நாளையிலேருந்து உப்பை மட்டும் கூட இருக்கறவனைப் பார்க்கச் சொல்லியிருக்கேன்."

அவள் சரி என்று சொல்லி, அப்போதுதான் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.